அண்ணனுக்காக அழ வந்தவன்

எமில்பெக் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவன். நான் அவனுக்குப் பாட்டுப் போடுகிறவன். மைக் குரலைத் தவிர வேறு குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை. கடையில் ரொட்டி கேட்டாலும் அதே முழக்கம்தான். அவன் பெண்டாட்டி அதனால்தான் போனாள் என்று பிஷ்கெக் நகரம் முழுக்கப் பேச்சு. நானாக இருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன்.

அவன் அண்ணன் ஜிர்கல் செத்துப்போனபோது, அவர்களுடைய சொந்த ஊரான நரினுக்கு நான்தான் கார் ஓட்டினேன். அப்பா இல்லாத வீட்டில் எமிலை வளர்த்தவன் ஜிர்கல். வழியில் எமில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"அவனுக்கு ஒழுங்கா அழணும்டா. அது போதும் எனக்கு."

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி. வெளியே ஜிர்கலின் மகன்கள் இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் தெருவிலிருந்தே கதறிக்கொண்டு ஓடி வரவேண்டும். சத்தமில்லாமல் வந்தால் செத்தவனுக்கு மரியாதை இல்லை.

எமில் ஓடினான். "ஐயோ, அண்ணா! என் மலையே!"

குரல் கணீரென்று எழுந்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. எல்லாப் பக்கமும் கேட்கும்படி திரும்பித் திரும்பிக் கதறினான்.

"அந்தக் கல்யாண மைக்குக்காரன்டா! போனை எடு, வீடியோ எடு!" என்றான் கூட்டத்தில் ஒரு பையன்.

"என்னமா அழறான்யா! என் சாவுக்கும் இவனையே கூப்பிடுங்க," என்றார் ஒரு கிழவர்.

கதறி முடித்தவன், வலது கையைக் கூட்டத்தை நோக்கி உயர்த்திக் காத்து நின்றான். கல்யாணத்தில் கைதட்டலுக்கு நிற்பானே, அப்படி. பாவி, தெரிந்து செய்யவில்லை. யாரோ இரண்டு பேர் தட்டியும் விட்டார்கள்.

கூடார வாசலுக்கு ஜிர்கலின் மனைவி புருல் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போதும் தம்பி. இங்க கல்யாணம் நடக்கல. உங்க அண்ணன் கிடக்கிறாரு."

"அண்ணி, நிஜமாத்தான் அழறேன். சத்தியமா நிஜம் அண்ணி!"

அதுவும் அந்தக் குரலில்தான் வந்தது. இந்தத் தடவை அவன் காதிலும் விழுந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு மகன்களோடு போய் நின்றான். உடலைத் தூக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணீரைக்கூட விடவில்லை, அதையும் நம்பவில்லை போலிருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அவனைக் காட்டி ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள்.

"கூடப் பிறந்தவன்தானே? ஒரு சத்தம் வருதா பாரு."