நாற்பத்தோராம் இலக்கத்தில் இருந்தவர்கள்

குகதாசன் இறந்து ஏழு மாதமாகியும் செல்வமலர் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் அதைக் கவனித்தது. முப்பத்தோராம் நாள் கிரியையிலும் கவனித்தது. நாலாம் மாதம், வேலைக்குத் திரும்ப முடியவில்லை என்று அவள் போய்ச் சொன்னபோது, டாக்டர் மருந்தோடு ஒரு தாளையும் கொடுத்தார். பிளேஸ்டோவில் புதன்கிழமைகளில் கூடும் உள்ளூர் வரலாற்றுக் குழு ஒன்றின் விலாசம் அதில் இருந்தது.

“ஒருக்காப் போய்ப் பாருங்கோ அம்மா. வீட்டுக்குள்ளயே இருந்து என்ன செய்யப்போறியள்?” என்றாள் மகள் கஜந்தினி.

“ஓம், போறன்.”

எதைக் கேட்டாலும் அந்த நாட்களில் அவள் ஓம் என்றுதான் சொன்னாள்.

குழுவை நடத்தியவர் மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று தேட வேண்டும் என்றார். செல்வமலரின் தெருவில் முப்பத்தொன்பது முதல் நாற்பத்தைந்து வரையான நான்கு வீடுகள் மட்டும் மற்றவற்றைவிடப் புதியவை. இருபத்திரண்டு வருடம் நாற்பத்தொன்றில் இருந்தும் அது ஏன் என்று அவள் யோசித்ததில்லை.

1939இல் நாடு முழுக்க வீடு வீடாக எடுத்த பதிவேட்டை மார்கரெட் கணினியில் திறந்தார். பழைய ஆங்கிலக் கூட்டெழுத்து. மற்றவர்கள் திணற, செல்வமலர் தடையில்லாமல் வாசித்தாள். யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியின் பழைய ஆங்கில ஏடுகளோடு ஆறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் அவள். ஆர்தர் பெல், துறைமுகத் தொழிலாளி. எல்சி பெல், வீட்டு வேலை. அதற்குக் கீழே ஒரு வரி கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தது.

“பிறந்து நூறு வருடம் ஆகாதவர்களை மறைத்துவிடுவார்கள்,” என்றார் மார்கரெட். “இறந்ததற்கு ஆதாரம் கிடைத்தால் திறப்பார்கள். இவருக்குக் கிடைக்கவில்லை.”

போரில் இறந்த பொதுமக்களின் பட்டியலில் ஆர்தரும் எல்சியும் இருந்தார்கள். 1940 செப்டம்பரில், நாற்பத்தோராம் இலக்கத்தில் குண்டு விழுந்து, ஒரே நாளில். செல்வமலர் அதைப் பிழையில்லாமல் கொப்பியில் எழுதினாள். தான் நிற்கும் குசினி இருக்கும் இந்த இடத்தில் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள் என்று அன்று பின்னேரம் சோறு வடிக்கும்போது நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கஞ்சியை ஊற்றிவிட்டுப் பானையை நிமிர்த்தினாள்.

மூன்றாவது புதன்கிழமை மாணவர் பெயர்களைப் பதியும் பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில், அந்த மறைத்த வரிக்குரிய பெல் தம்பதியின் மகளின் பெயர் கிடைத்தது. ஜோன் பெல், பிறந்தது 1932. விலகிய காரணம் என்ற நிரலில், சொமர்செற்றுக்கு அனுப்பப்பட்டார் என்று இருந்தது. குண்டு வீசுவார்கள் என்று நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு ஏற்றிய காலம் அது. சொமர்செற் கலியாணப் பதிவு அட்டவணையில் அவளுடைய புதுக் குடும்பப்பெயரையும் செல்வமலர் கண்டுபிடித்தாள். மார்கரெட் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குக் கடிதம் போட்டார்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. ஜோன் உயிரோடு இருந்தார். தொண்ணூற்றிரண்டு வயது. அப்பா அம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், நன்றி என்று எழுதியிருந்தார்.

செல்வமலர் கவுன்சிலின் அடக்கப் பதிவேட்டை இரண்டு நாள் இருந்து தேடினாள். ஆர்தர், எல்சி இருவர் பெயருக்கும் பொதுக் குழி ஒன்றின் ஒரே இலக்கம் எழுதப்பட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை ஜோன் வந்தார். மகன் அவரை வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடிப் போனார். மெலிந்த, நிமிர்ந்த கிழவி. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“இது அந்த வீடு இல்லை,” என்றார் கடைசியில்.

“இல்லை. அது முழுதும் போய்விட்டது.”

ஜோன் தலையாட்டினார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, “யார்?” என்று கேட்டார்.

“என் கணவர். பெப்ரவரியில் செத்துப்போனார்.”

இந்த ஏழு மாதத்தில் மற்றவர்களுக்கு அதைச் சொன்னவள் கஜந்தினிதான். செல்வமலரின் வாயால் வந்தது இதுவே முதல் தடவை.

“எப்படி?”

அதையும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“ஈஸ்ட் ஹாம் பஸ் ஸ்டொப்பில் நெஞ்சு வலி. எனக்கு மூன்று தரம் போன் அடித்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரி வார்டில் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன். மரக்கறி வாங்குவதைப் பற்றிக் கேட்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். இன்னும் பதினொரு கட்டில் இருந்தது. கொடுத்து முடித்துவிட்டுத் திருப்பி எடுத்தேன். வேறு யாரோ பேசினார்கள்.”

ஜோன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நானும் கொடுத்து முடித்திருப்பேன்,” என்றார்.

பிறகு எல்லோருமாக இடுகாட்டுக்குப் போனார்கள். கல் எதுவும் இல்லை. நீளமான புல் நிலம், ஓரத்தில் இலக்கம் பொறித்த சிறிய கட்டை. ஜோன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “குளிர்கிறது,” என்றார். மகன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். காரில் ஏறும்போது செல்வமலரின் கையைப் பிடித்து, அவளுடைய பெயரை இரண்டு தரம் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் கஜந்தினி வேலையால் வந்ததும் செல்வமலர் அவளை மேசையில் இருத்தினாள்.

“பிள்ளை, அப்பா எனக்குப் போன் எடுத்தவர். நான் கண்டனான். எடுக்கேல்லை.”

கஜந்தினி சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“தெரியும் அம்மா. அப்பாவின்ர போன் என்னட்டத்தானே இருக்கு. மூண்டு தரம். அண்டைக்கே பாத்திட்டன்.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“கேட்டா நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு நினைச்சன்.”

சொல்லி முடிக்கும் முன்னே அவள் விம்மத் தொடங்கிவிட்டாள். செல்வமலருக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. எழுந்து போய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அந்தத் தலையின் சூடு சட்டையைத் தாண்டி வந்தது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியே நின்றாள்.