பானெட்டின் வலது பாதி

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் தட்சிணாமூர்த்தி. எழுபத்திரண்டு வயது. எதிரே அவருடைய கறுப்புக் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேத்தி ஹேமாவதிக்கு நிச்சயதார்த்தம். கோயிலிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வர இந்த வண்டிதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகன் ஹரிபிரசாத் வாடகைக்குப் பெரிய வண்டி எடுக்கலாம் என்றான். “நம்ம வூட்டு வாசல்ல நம்ம வண்டிதான் நிக்கணும்” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வண்டியின் பானெட்தான் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அது சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது.

பாலிஷ் போடுகிற டேனியல் பானெட்டின் நடுவே நீளமாக டேப் ஒட்டி, இடது பாதியை முதலில் எடுத்துக்கொண்டான். வாளியில் ஊறிய வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்து, நேர்கோட்டில் மெதுவாகத் தேய்த்தான். பால் போல வெள்ளைத் தண்ணீர் வழிந்தது.

“வெள்ளையா வர்ற வரைக்கும் பயமில்ல சார். மேல கீற கண்ணாடிப் பூச்சு, கிளியர் கோட்டுதான் கரையுது. கறுப்பா வந்துச்சுன்னா பெயின்டே போவுதுன்னு அர்த்தம், கதை கந்தல்.”

“கறுப்பா வராம பாத்துக்கோ.”

“அதுக்குத்தான சார் காசு” என்று சிரித்தான்.

பிறகு மெஷினில் பஞ்சு மாட்டி, பாலிஷ் விட்டு ஓட்டினான். ஒரு மணி நேரத்தில் இடது பாதியில் கொட்டகையின் ட்யூப்லைட் கோடு கோணாமல் தெரிந்தது. தட்சிணாமூர்த்தி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தன் மீசை முடியை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவருக்கு மனம் நிறைந்தது.

வலது பாதியைத் தொடங்குமுன் டேனியல் டார்ச் அடித்துப் பார்த்தான். முனையிலிருந்த கம்பெனிச் சின்னத்தின் ஓரத்தைப் பல்குச்சியால் நோண்டினான். கட்டியாகச் சாம்பல் வந்தது. விரலில் நசுக்கி முகர்ந்தான்.

“சார், துன்னூறு சார் இது.”

“ஆயுத பூஜைக்குப் பட்டை போடுவோம். அதுவா இருக்கும்.”

“பட்டை போட்டா மேலோட நிக்கும் சார். இது சுத்தி அடைஞ்சு கீது. யாரோ துணில வெச்சு அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. இங்க பாருங்க, கோடெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போவுது. கை எட்டற வரைக்கும் போயி நிக்குது. நாரு போட்டுத் தேய்ச்சா இப்டி வராது, வரிவரியா ஆழமா கிழிச்சிருக்கும். எந்த மகராசன் செஞ்ச வேலை சார் இது?”

தட்சிணாமூர்த்தி தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். மகராசன் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், ஆயுத பூஜை அன்று சாயங்காலம். டிரைவர் யேசுதாசனைப் பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்கு அனுப்பியிருந்தார். எப்போதும் போல வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தானே துடைத்தார். விளக்கு பளிச்சென்றது. கையில் ஈரத் துணி இருந்தது, தட்டில் விபூதி மிச்சமிருந்தது, வாசலில் கார் நின்றது. வெள்ளிக்கு ஆகிற விபூதி வண்டிக்கு ஆகாதா? தேய்த்தார். ஈரத்தில், வாசல் விளக்கின் வெளிச்சத்தில், பானெட் நன்றாகவே மின்னியது. அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜை நடந்தது.

மறுநாள் காலை யேசுதாசன் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். வெயிலில் பானெட் வெளுத்து நின்றது. பூஜைக்கு வந்த உறவுக்காரர்கள் இருபது பேர் வாசலில் இருந்தார்கள்.

“சாமிப் பொட்டுன்னா உனக்கு அவ்ளோ எரிச்சலா? நாரு போட்டுச் சுரண்டியிருக்க!” என்று கத்தினார் தட்சிணாமூர்த்தி. அவர் மைத்துனர் சக்திவேல், “வேற சாமி கும்புடறவன்கிட்ட வண்டியக் குடுத்தா இப்டித்தான்” என்று எடுத்துக் கொடுத்தார்.

“நான் தண்ணி மட்டுந்தான் ஊத்துனேன்யா” என்றான் யேசுதாசன். ஒரே தடவைதான் சொன்னான். சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தான். பதினோரு வருட வேலை.

“கவலப்படாதீங்க சார்” என்று டேனியல் வாளியை இழுத்தான். “இதையும் தேய்ச்சு வுட்டா ஒரு கோடு இருக்காது. செஞ்சவனுக்கே தெரியாது.”

ஈரப் பேப்பர் பானெட்டைத் தொடப் போனது.

“நிறுத்து” என்றார் தட்சிணாமூர்த்தி.

“சார்?”

“இந்தப் பாதி இப்டியே இருக்கட்டும்.”

“பாதி மொட்டை அடிச்சா மாதிரி இருக்கும் சார்! மாப்பிள்ளை வூட்டுக்காரங்க சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும்.”

மறுநாள் சனிக்கிழமை காலை பொழிச்சலூருக்கு ஆட்டோவில் போனார். ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற விஷயமில்லை இது. யேசுதாசன் இப்போது சிறுசேரிக் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறான். வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அவரைக் கண்டதும் துணியை உதறி நிமிர்ந்தான்.

“வாங்கய்யா. உள்ள வாங்க.”

“சொல்லிட்டு உக்காருறேன். அந்த வண்டியத் தேய்ச்சது நான்தான் யேசு. விபூதி போட்டு.”

யேசுதாசன் துணியை வேன் கண்ணாடியில் மாட்டினான். “வெள்ளி வெளக்குன்னு நெனச்சிட்டீங்களாய்யா?”

“ஆமா.”

உள்ளிருந்து அவன் மனைவி கங்கம்மா வெளியே வந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “ரெண்டு வருசமா சர்ச்சுலகூட கேட்டாங்க, இன்னா தாசா, சாமிப் பொட்டை அழிச்சியாமேன்னு. இங்க வந்து எங்க காதுல சொல்லிட்டா ஆச்சா?”

“ஆகாதும்மா. அன்னைக்கு இருந்தவங்க அத்தினி பேரும் நாளைக்கு வராங்க. நீங்க ரெண்டு பேரும் வரணும். அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் வந்து இறங்கினார். யேசுதாசனும் கங்கம்மாவும் பந்தல் ஓரமாக நின்றிருந்தார்கள். பானெட்டின் ஒரு பாதியில் பந்தல் தெரிந்தது, மறுபாதியில் ஒன்றும் தெரியவில்லை. ஹரிபிரசாத் பூமாலையை இழுத்து மூடப் பார்த்தான். அப்பா அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“அப்பா, சம்பந்தி வூட்டு முன்னாடி வேணாம்பா. அப்புறம் தனியா சொல்லிக்கலாம்.”

“தனியாவா திட்டினேன்?”

மாப்பிள்ளையின் தாய்மாமா ஷ்யாம்சுந்தர் பானெட்டைப் பார்த்து, “என்னங்க, பெயின்ட் பத்தலையா?” என்றார். பெண்கள் சிரித்தார்கள்.

தட்சிணாமூர்த்தி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வண்டியின் முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. மங்கிய பாதியைக் காட்டி, விபூதியையும் துணியையும் பற்றிச் சொன்னார். யேசுதாசன் மேல் போட்ட பழியை வார்த்தை மாற்றாமல் திரும்பச் சொன்னார். “அவன் தண்ணி மட்டுந்தான் ஊத்துனான். தப்பு என்னுது. இந்த வாசல்ல சொன்னத இந்த வாசல்லயே திருப்பி எடுத்துக்கறேன்.” பிறகு திரும்பி, “சக்திவேலு, நீயும் அன்னைக்கு ஒண்ணு சொன்ன” என்றார்.

 சக்திவேல் தரையைப் பார்த்தார். “மச்சான் சொன்னாரேன்னு நானும்...” என்று இழுத்தார்.

“என்னைச் சொல்லாத. உன்னுத நீ சொல்லு.”

சக்திவேல் மெல்ல நடந்து யேசுதாசனிடம் போனார். “நான் பேசுனது தப்புப்பா” என்றார்.

யேசுதாசன் தலையசைத்தான். கங்கம்மா சக்திவேலைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தாள். யார் யார் கேட்டார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தாள்.

“திரும்ப வேலைக்கு வர்றியா?” என்றார் தட்சிணாமூர்த்தி.

“இல்லய்யா. சிறுசேரி வேன் வேலை நல்லா போவுது.”

“நல்லது” என்றார் அவர். அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் பந்தியில் தன் பக்கத்து இலையில் அவனை உட்காரவைத்தார். அவனுக்கு மறுபக்கம் சம்பந்தி உட்கார்ந்தார். சாம்பார் வந்தது. சம்பந்தி யேசுதாசன் பக்கம் குனிந்து, “சிறுசேரிக்கு எந்த ரூட்டுல போறீங்க? வண்டலூர் வழியா, மேடவாக்கம் வழியா?” என்று கேட்டார்.

“காலைல வண்டலூருங்க” என்றான் யேசுதாசன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “மேடவாக்கம் சிக்னல்ல மாட்டுனா பேஜாராயிடும்.”