எண் இருநூற்று முப்பத்தாறு

கால்வாயின் கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குத் திடீரென்று வானத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய பஸ் டெப்போ இடத்தில் பதினாலு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று நகராட்சி பலகை நட்ட மறுநாளே, வாசலுக்கு வாசல் ஒரு தட்டி முளைத்தது: ‘எங்கள் வானத்தைத் திருடாதே.’

மேற்குக் கரைக்காரர்கள் தினமும் காலை ஆறு மணிக்குப் பாலம் தாண்டிப் போய் அந்த வாசல்களைப் பெருக்குகிறவர்கள். தட்டியை நகர்த்திவிட்டுப் பெருக்கி, பிறகு தட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

“வானத்த எப்படிடி திருடுவாங்க?” என்று அத்தை கேட்டாள். ஒன்பதாம் நம்பர் வீட்டில் சமையல் செய்கிறவள்; வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழக்கமில்லாதவள்.

“வானத்த யாரும் திருடல அத்தை. நாம அங்க குடிவந்துடுவோம்னு பயம். அத நேரா சொல்ல வெக்கமா இருக்கு, அதான் வானத்த இழுக்கறாங்க” என்றாள் டிகிரி.

டிகிரி என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். கரையோர வரிசையில் முதன்முதலில் கல்லூரி முடித்தவள் என்பதால் பாதி பெருமையாகவும் பாதி கேலியாகவும் வைத்தது. அவளும் அம்மாவும் இருப்பது ஒற்றை அறை. பெரிய மழை வந்தால் கால்வாய் உள்ளே வந்து முழங்கால் வரை நின்றுவிட்டுப் போகும். அதற்காகக் கட்டில் காலுக்குக் கீழே நான்கு நான்கு செங்கல். பட்டச் சான்றிதழ் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூரைக் கம்பியில் தொங்கும். ஊரில் எல்லாரும் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். இவள் வெங்காயம் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறாள்.

டெப்போவில் வரப்போகும் வீடுகள் இவர்களுக்காகத்தான். ஒன்பது வருடக் காத்திருப்பு. மாடிக்குப் பன்னிரண்டு வீடு, பதினாலு மாடி, மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. இவர்கள் வரிசை எண் நூற்று முப்பத்தொன்று. கிழக்குக் கரைக் குடியிருப்போர் சங்கம் கேட்டது என்னவென்றால், நாலே மாடி போதும் என்று. நாலு மாடி என்றால் நாற்பத்தெட்டு வீடு. நாற்பத்தொன்பதாவது ஆளிலிருந்து எல்லாரும் செங்கல் மேல் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டமும் அவர்களுக்கு வசதியாக இருந்தது. டெப்போவைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்களில் இருநூறு பேர் எதிர்ப்பு மனு கொடுத்தால் உயரத்தைக் குறைத்தாக வேண்டும். ஆதரவு மனுவுக்கும் அதே எல்லைதான். டிகிரி ஆதரவு மனு எழுதிக்கொண்டு நகராட்சிக்குப் போனபோது குமாஸ்தா விலாசத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

“மேற்குக் கரை. எல்லைக்கு வெளியில. வாங்க முடியாதும்மா.”

“வீடு வரப்போறதே எங்களுக்கு. எங்களுக்குப் பேச உரிமை இல்லையா?”

“சட்டத்துல இல்ல.”

“அப்ப எதிர்ப்பு மனுவயாவது காட்டுங்க. அதப் பார்க்க உரிமை இருக்கா, அதுக்கும் விலாசம் வேணுமா?”

குமாஸ்தா பெருமூச்சு விட்டுக் கோப்பை எடுத்துப் போட்டார்.

டிகிரிக்கு வேலை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். வந்து குவியும் விண்ணப்பங்களில் எது பொய் என்று பார்த்து ஒதுக்குவதுதான் நாள் முழுக்க. அதனால் அவள் கண் முதலில் போனது விஷயத்துக்கு அல்ல, மைக்கு. நூற்று அறுபத்தைந்து பெயர் வரை கோப்பு ஒழுங்காக இருந்தது: விதவிதமான பேனா, விதவிதமான கிறுக்கல். நூற்று அறுபத்தாறிலிருந்து விலாசக் கட்டங்கள் எல்லாம் ஒரே கையில், ஒரே நீல மையில், அச்சடித்த மாதிரி நிமிர்ந்து நின்றன. கையெழுத்துகள் மட்டும் நடுங்கி நடுங்கி, கோட்டுக்கு மேலும் கீழுமாக.

பெயர்களைப் படித்தாள். ஒன்பதாம் நம்பர் வீட்டு விலாசத்தில் அத்தை. இருபத்திரண்டாம் நம்பரில் டிரைவர் மாமா. தோட்டக்காரர், காவலாளி, குழந்தை பார்க்கிற அக்கா. எழுபத்தொரு பேர். சங்கத்துக்கு ஆள் போதவில்லை. வீட்டில் வேலை செய்கிறவர்களை எல்லாம் வீட்டில் குடியிருக்கிறவர்களாக எழுதிவிட்டார்கள். கடைசிப் பெயர், எண் இருநூற்று முப்பத்தாறு, பதினாலாம் நம்பர் வீடு. அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, சிலேட்டில் போட்டுக் காட்டி, அம்மாவுக்கு அவள்தான் அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏம்மா, எதுல கையெழுத்து போட்ட?”

அம்மா பாத்திரத்திலிருந்து நிமிரவில்லை. “எதுல போடல? காஸ் வந்தா நான்தான் போடுறேன், பார்சல் வந்தா நான்தான் போடுறேன். அந்தம்மா குளிக்கிறாங்க, தூங்குறாங்க, போன் பேசுறாங்க. எங்கூட வேலை பார்க்கிறவ எல்லாருமே அப்படித்தான். நீட்டுன இடத்துல போடுறது.”

“நம்ம வீட்டுக்கு எதிரா போட்டிருக்கம்மா. நூத்தி முப்பத்தொண்ணு இனிமே கிடையாது. உன் கையாலயே வெட்டிட்ட.”

அம்மாவின் கை நின்றது. பிறகு, “கொசு மருந்துக்குன்னு சொன்னாங்கடி” என்றாள்.

டிகிரிக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எல்லாம் கோபம்தான் வரும். அது அவளுக்கு வாய்த்த வரம். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீண்டும் குமாஸ்தா முன்னால் போய் நின்றாள்.

“மனு போட்டவங்க வாபஸ் வாங்கலாமா?”

“வாங்கலாம். ஆனா எழுதிக் கொடுத்தா செல்லாது. விசாரணை அன்னைக்கு நேர்ல வந்து, அதிகாரி முன்னாடி, வாயால சொல்லணும்.”

“எத்தனை பேர் வாங்குனா இருநூறுக்குக் கீழ வரும்?”

“நீங்கதான் படிச்சவங்களாச்சே.”

முப்பத்தேழு பேர்.

அன்று மாலையே அவள் வரிசையில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். எல்லாரும் சங்கத்தைத் திட்டினார்கள். வாபஸ் என்றதும் பாதிப்பேருக்கு இருமல் வந்தது. முதலாளி முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? அத்தை ஒருத்திதான், “நான் சொல்றேன்டி. என் சமையல விட்டா அந்த வீட்ல வெந்நீர் வைக்கக்கூட ஆள் கிடையாது, என்ன பண்ணிடுவாங்க?” என்றாள்.

அம்மா மட்டும் கையை விரித்துவிட்டாள். “பத்தொம்பது வருஷம். உன் காலேஜ் பீஸ் அந்த வீட்டு வேலையிலதான் வந்துச்சு. என்னால எந்திரிச்சு நிக்க முடியாது. காலு வராது.”

“நீ வேலை செஞ்ச, அவங்க கூலி குடுத்தாங்க. தானமா குடுத்தாங்க?”

“உனக்கு வாய் இருக்கு, பேசற. என்னை விடுடி.”

விசாரணை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நகராட்சி மண்டபத்தில். சங்கத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள். கூட்டம் காட்ட வேண்டும் என்று வீட்டு வேலைக்காரர்களையும் கையோடு கூட்டி வந்து நாற்காலிகளை நிரப்பினார்கள். இல்லாத ஊருக்கு வழி தேடுகிறோமே என்று பயந்துகொண்டிருந்த டிகிரிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வரமாட்டேன் என்ற ஆட்களையும் அவர்களே காரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பதினாலாம் நம்பர் வீட்டுக்கார அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய தண்ணீர் பாட்டிலையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா. டிகிரிக்குப் பேச அனுமதி இல்லை. சுவரோரம் நின்றாள்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற என்ஜினியர். கையால் எழுதிய குறிப்பை மேசையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினார். காற்று, வெளிச்சம், கிளிகள், நெரிசல், தெருவின் குணம். விசாரணை அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்ட பெண்மணி, முழுவதையும் எழுதிக்கொண்டு, பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தார். நூற்று அறுபத்தைந்து வரைக்கும் “எதிர்க்கிறேன்”, “எதிர்க்கிறோம்” என்று ஓடியது.

நூற்று அறுபத்தாறு அத்தை. எழுந்தாள்.

“நான் வாபஸ் வாங்குறேங்க.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஒன்பதாம் நம்பர்காரருக்குக் கையிலிருந்த விசிறித் தாள் நழுவியது.

“காரணம்?” என்றார் அதிகாரி.

“கொசு மருந்துன்னு சொல்லி வாங்குனாங்க. கொசு யாருன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது.”

தலைவர் துள்ளி எழுந்தார். “மேடம், இவங்க பேச்ச எடுத்துக்கக் கூடாது! இவங்க எங்க தெருவுல குடியிருக்கிறவங்களே இல்ல!”

அதிகாரி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ஒன்பதாம் நம்பர்னு போட்டிருக்கே. விலாசம் எழுதினது யாரு சார்? நீங்க இப்ப மேசைல வெச்சீங்களே குறிப்பு, அதே எழுத்து மாதிரி இருக்கு.”

தலைவர் தன் குறிப்பை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். தெருக்காரர்கள் இல்லை என்றால் எழுபத்தொரு பொய் விலாசம், அவர் கையால் எழுதியது. ஆமாம் என்றால் எழுபத்தொரு அண்டை வீட்டார்.

“சொல்லுங்க. இவங்க உங்க தெருக்காரங்களா, இல்லையா?”

“...ஆமா. எங்க தெருக்காரங்கதான்.”

“சத்தமா.”

“எங்க தெருக்காரங்கதான் மேடம்!”

டிகிரி தன் வாழ்நாளில் கேட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்று. இவ்வளவு காலம் பின்வாசல் வழியாக வந்துபோனவர்களை, தலைவரே தன் வாயால் தெருவுக்குள் சேர்த்துக்கொண்டார்.

எண்கள் ஓடின. தோட்டக்காரர் வாபஸ். காவலாளி வாபஸ். டிரைவர் மாமா எழுந்தார், முதலாளி திரும்பிப் பார்த்தார், மாமா தொண்டையைக் கனைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்தவரும் அப்படியே. பயம் ஒட்டுவாரொட்டி. டிகிரி விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். இருநூற்று முப்பத்தைந்து முடிந்தபோது வாபஸ் முப்பத்தாறு. மீதி சரியாக இருநூறு. அவர்களுக்கு அது போதும்.

“எண் இருநூற்று முப்பத்தாறு.”

அம்மா எழவில்லை. பதினாலாம் நம்பர் அம்மா அவள் முழங்கைமேல் கையை வைத்திருந்தார், செல்லமாக வைத்த மாதிரி.

“இருநூற்று முப்பத்தாறு இருக்காங்களா?”

டிகிரிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். சுவரில் நகத்தைப் பதித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா குனிந்து, மடியிலிருந்த பாட்டிலை அந்தம்மாவின் மடியில் வைத்தாள். கைப்பையை அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

“இருக்கேங்க.”

“உக்காரு” என்று பதினாலாம் நம்பர் அம்மா பல்லுக்குள்ளேயே சொன்னார்.

“ஒரு நிமிஷம்மா” என்றாள் அம்மா. “வானம் மறையுதுன்னு சொன்னாங்க. இந்தம்மா வீட்டு மொட்டை மாடியில துணி போடுறது நான், எடுக்கறது நான். பத்தொம்பது வருஷத்துல இவங்க மேல ஏறி வந்தது ரெண்டே தடவ. ஒரு தடவ டிவி ஆன்டெனா விழுந்துச்சு. இன்னொரு தடவ என்னைத் திட்ட வந்தாங்க. வானத்த இவங்க பார்த்ததே இல்லைங்க. நான்தான் பார்த்தேன். அதனால சொல்றேன், பதினாலு மாடிக்கு அங்க எடம் தாராளமா இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ?”

“வாபஸ். என் பொண்ணு சொல்லி இல்ல. நானே வாங்கறேன்.”

நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அதற்குள் பின்னாலிருந்து, “மேடம், இப்பவும் சொல்லலாமா? எனக்கு அப்போ தொண்டை கட்டிக்கிச்சு” என்று டிரைவர் மாமா எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேருக்குத் தொண்டை திறந்தது. ஒருவர் இரண்டு தடவை வாபஸ் வாங்கினார்.

அதிகாரி கூட்டிக் கழித்து, எழுந்து நின்று படித்தார். எதிர்ப்பு மனுக்கள் தேவையான எண்ணிக்கையை எட்டவில்லை. உயரம் குறைக்கப்படாது. பதினாலு மாடிக்கும் அனுமதி உறுதி செய்யப்படுகிறது. திங்கட்கிழமை வேலை தொடங்கலாம்.

வாசலில் பதினாலாம் நம்பர் அம்மா வழிமறித்தார். “நாளைலேருந்து நீ வர வேணாம்.”

அம்மா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். “பால் அடுப்பு மேல இருக்கு. பக்கத்துலயே நின்னு காய்ச்சுங்க, பொங்கிடும்.” நாலடி நடந்து டிகிரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே என்னடி பண்றது?”

“பால் பொங்கினதும் தேடி வருவாங்க. வந்தா கூலி எவ்வளவுன்னு நீ சொல்லு. வரலைன்னா வேற வீடு. கிழக்குக் கரைல அறுபது வீடு, அறுபதுலயும் பாத்திரம் இருக்கும்மா.”

யாரும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. முப்பது நாற்பது பேர் சேர்ந்து டெப்போவுக்குள் நுழைந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த தரை, துருப்பிடித்த ஒரு தூண், நடுவில் வெறும் இடம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“நூத்தி முப்பத்தொண்ணு எங்கடி வரும்?” என்று கேட்டாள் அம்மா.

டிகிரி மனதுக்குள் வகுத்தாள். “பதினொண்ணாவது மாடி. பதினொண்ணாவது வீடு. அந்த மூலை. இன்னும் மேல பாரு, இன்னும்... ஆ, அங்கதான்.”

அம்மா அண்ணாந்து, அந்த வெற்றுக் காற்றில் தன் வீட்டைப் பிடித்துவிட்டாள். கண் இமைக்கவில்லை.

“என்னோடது நூத்திப் பத்தொம்பது” என்றாள் அத்தை.

“பத்தாவது மாடி, பதினொண்ணாவது வீடு. எங்களுக்கு நேர் கீழ அத்தை.”

அத்தை மேலே பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், இடுப்பில் கைவைத்தாள். “அண்ணி, இப்பவே சொல்லிட்டேன். உங்க வீட்டுத் தண்ணி என் சமையக்கட்டுல ஒழுகுச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“ஏன் ஒழுகுது? நான் என்ன குழாயத் திறந்து போட்டுட்டுத் தூங்குறவளா?”

“தூங்க மாட்டீங்க, மறப்பீங்க.”

“நீ வறுக்கற நெடி மேல ஏறி வருமே, அத நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?”

இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத கட்டடத்தின் பத்தாவது மாடிக்கும் பதினொன்றாவது மாடிக்கும் நடுவே முதல் சண்டை, ஊரே வேடிக்கை பார்க்க, அமோகமாகத் தொடங்கியது.