அப்பா அம்மா விழுந்துச்சு

இரண்டு வயது நிரம்பியபோது ஐவியிடம் இருந்த சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா, அப்பா, பால், நாய், வேணாம், விழு. இதில் ‘விழு’தான் அதிகம் உழைத்த சொல். கரண்டி கை நழுவினாலும் ‘விழு’, கூரையிலிருந்து பனி சரிந்தாலும் ‘விழு’, இலையுதிர்ந்தாலும் ‘விழு’.

அவளுடைய அம்மா டானா அதற்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியவில்லை. “லெஹ்டோ வீட்டு ஆம்பளைங்க வாயத் தொறக்கறதே கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுலதான். இவ அப்பன் வழி” என்று சிரிப்பாள். இருந்தாலும் மாவட்ட அலுவலகத்தில் சொல்லி நோரினை வரவழைத்தவள் அவள்தான்.

நோரின் ஹால்வர்சனுக்கு, பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை. சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர்களில் அவளுடைய பழைய சுபாரு காரைத் தெரியாதவர்கள் குறைவு. வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டாள். தரையில் சம்மணம் போட்டு, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி மட்டும் பேசுவாள். ஐவி அவளுக்கு நோரி என்று பெயர் வைத்தாள். இலையுதிர் காலம் முடிவதற்குள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் போடத் தொடங்கினாள். ‘அம்மா பால்’. ‘நாய் விழு’. டானா அதைக் கேட்டு அடுப்படியில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நவம்பரில், மான் வேட்டை தொடங்கிய வாரத்தில் டானா செத்துப்போனாள். நிலவறைப் படிக்கட்டின் அடியில், கழுத்து முறிந்து கிடந்தாள். கணவன் கர்ட் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். வெளியே கொட்டகையில் வண்டிக்குப் பனி தள்ளும் தகட்டை மாட்டிக்கொண்டிருந்ததாகவும், உள்ளே வந்தபோதுதான் பார்த்ததாகவும் சொன்னான். டானாவின் இரண்டு மேல்கைகளிலும் விரல் பதிந்த கன்றல்கள் இருந்தன. சில புதியவை, சில பழையவை. போலீஸ் வந்தபோது ஐவி படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கர்ட் சொன்னபடி, டானா விழுந்தபோது வீட்டுக்குள் இருந்தது அவள் ஒருத்திதான்.

விசாரணை முடியும்வரை பிள்ளையை டானாவின் அக்கா ரோண்டாவிடம் விட்டார்கள். ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். நோரினோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஐவி அவளை ‘ரோ’ என்றாள். நோரின் வாரந்தோறும் அங்கே போனாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பகலில், நோரின் வந்திருந்தபோது அது நடந்தது. ரோண்டா துவைக்கவேண்டிய துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டு நிலவறைக் கதவைத் திறந்தாள். தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஐவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் அழவில்லை. கதவைக் கைநீட்டிக் காட்டி, “அம்மா விழு” என்றாள். ரோண்டா அப்படியே நின்றாள். ஐவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதுவரை அவள் போடாத நீளத்தில் ஒரு வாக்கியத்தைப் போட்டாள்.

“அப்பா அம்மா விழுந்துச்சு.”

மறுபடி கட்டைகளுக்குத் திரும்பிவிட்டாள்.

ரோண்டா கூடையைக் கீழே வைத்தாள். “கேட்டியா நோரின்?”

“கேட்டேன்.”

“அவன் தள்ளிவிட்டான்னு சொல்றா.”

“அவ அப்படிச் சொல்லல ரோண்டா. ‘அப்பா அம்மா விழுந்துச்சு’ன்னா. அவ்வளவுதான்.”

“வேற என்னடி அர்த்தம் அதுக்கு?”

நோரின் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “இங்க பாரு. இப்ப அவகிட்ட எதையும் கேக்காத. மூஞ்சியில கூட காட்டாத. இந்த வயசுல நாம கேள்வில என்ன வைக்கிறமோ அதையே பதிலா எடுத்துக் குடுப்பாங்க. அவளா சொன்னா சொல்லட்டும். போலீசுக்கு நான் இன்னைக்கே சொல்லிடறேன்.”

“எனக்குத் தெரியாதா? காலைலயும் சாயங்காலமும் ஒரு பஸ் நிறைய பிள்ளைங்களோடதான் மல்லுக்கட்டுறேன்” என்றாள் ரோண்டா.

பிப்ரவரியில், பிள்ளை யாரிடம் இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். நோரினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள். பிள்ளைக்குச் சொற்களை வரிசையாக வைக்கத் தெரியும், ஆனால் யார் செய்தது, யாருக்கு நடந்தது என்று பிரித்துக் காட்டும் ஒட்டுகள் இன்னும் வரவில்லை. அப்பா அம்மாவை விழவைத்தார் என்றும் இருக்கலாம். இருவரும் விழுந்தார்கள் என்றும் இருக்கலாம். அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா விழுந்துவிட்டாள் என்று அன்றைக்கு அவள் சொன்னதைத் திரும்பச் சொல்வதாகவும் இருக்கலாம்.

“உங்க அபிப்பிராயத்துல எது?” என்று நீதிபதி கேட்டார்.

“என்னால சொல்ல முடியாதுங்க” என்றாள் நோரின்.

வெளியே நடையில் ரோண்டா அவளுக்காகக் காத்திருந்தாள். “உனக்குப் படிப்பு ஜாஸ்தி. அதான் ஒரு வாக்கியத்துக்கு மூணு அர்த்தம் தெரியுது. எனக்கு ஒண்ணுதான் தெரியுது.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“என் தங்கச்சிய உனக்குத் தெரியும். அவ சட்டைக் கைய எப்பவும் மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டிருப்பா. ஆகஸ்ட் மாசத்துலயும். அத நீயும் பாத்திருக்க. அதச் சொல்லியிருக்கலாம்.”

அதை யாரும் நோரினிடம் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. வெளிக்கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தது கர்ட். “நியாயமா பேசுனீங்க. நன்றி” என்றான். நல்ல உயரம், தாழ்ந்த குரல். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. நோரின் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காருக்குப் போனாள்.

தீர்ப்பு தள்ளிப்போனது. ஐவி ரோண்டாவிடமே இருந்தாள். அந்த மாதங்களில் அவளுக்குப் பேச்சு, பனி உருகி ஓடை பெருகுவதுபோல் வந்தது. ‘என்னோட’ வந்தது. ‘நேத்து’ வந்தது, முந்தாநாளும் போனவாரமும் அதற்குள்ளேயே அடங்கின. கேட்டிருக்கவே முடியாத வடிவங்களை அவளே செய்துகொண்டாள். ‘தூங்கு, தூங்கினேன்’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘போகினேன்’ என்றாள், ‘வாவினேன்’ என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு விதியைப் பிள்ளை உள்ளுக்குள் கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் நோரின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்திருப்பாள்.

மார்ச்சில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். ரோண்டா இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியை வெட்டும்போது முழங்கை பட்டு ஐவியின் பால் டம்ளர் கவிழ்ந்தது. ஐவிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரோ பால் விழுந்துட்டா” என்றாள். பிறகு நோரினிடம் முறையிட்டாள். “நோரி, ரோ என் பால் விழுந்துட்டா.”

நோரின் தன் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தாள். விழுந்தது பால். ஆனால் ‘விழுந்துட்டா’ என்று பிள்ளை சொன்னது ரோவை. ரோ விழவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ரோ பாலை விழவைத்தாள் என்பதற்கு இவளிடம் இருப்பது இந்த ஒரே சொல்தான்.

நோரின் மேசையோரத்தில் இருந்த ஒரு கட்டையை விரலால் தட்டிவிட்டாள். ஐவி எட்டிப் பார்த்தாள். “நோரி கட்டை விழுந்துட்டா.” அடுத்து ரோண்டாவின் தொப்பியைத் தட்டிவிட்டாள். “நோரி தொப்பி விழுந்துட்டா. மோசம் நோரி.” ஐவிக்கு இது விளையாட்டாகிவிட்டது, சிரித்தாள். நோரின் மூன்று வாக்கியங்களையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அன்று மாலையே அரசு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தாள். பிரென்னன் என்ற அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப டிசம்பர்ல அவ சொன்னதுக்கும் இதே அர்த்தம்தான்னு சொல்றீங்களா?”

“அவ இலக்கணத்துல யாரு முதல்ல வர்றாங்களோ அவங்கதான் செஞ்சவங்க. மூணு தடவ என் கண் முன்னாடி நடந்துச்சு.”

“மார்ச் மாசத்து இலக்கணம்.” அவர் பெருமூச்சு விட்டார். “பாலும் தொப்பியும். சரி, அதையும் வச்சு ஏதாவது பண்ணியிருப்பேன். ஆனா போன வாரம் எங்க ஆளு குழந்தைகிட்ட பேசினாங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? ‘அப்பா அம்மாவ வேணும்னே தள்ளிக் கொன்னுட்டாரு.’ கேக்காமயே சொன்னா. திரும்பக் கேட்டதும் அதே வாக்கியம், அதே ராகம். ஒரு எழுத்துகூட மாறல.”

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

“இது அவளோட பேச்சா மேடம்?”

“இல்ல” என்றாள் நோரின். “‘வேணும்னே’ அவகிட்ட கிடையாது. ‘தள்ளு’வும் கிடையாது.”

“அதான். கர்டோட வக்கீல் ஒரே நிமிஷத்துல கிழிச்சிடுவாரு. இனிமே அந்தப் பிள்ளை வாயிலேர்ந்து எது வந்தாலும், யாரு போட்டதுன்னுதான் கேப்பாங்க.”

ரோண்டா வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தாள். நோரின் காரைவிட்டு இறங்கி வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லிக்குடுத்தியா?”

“கார்ல போறப்ப” என்றாள் ரோண்டா. “பாட்டு மாதிரி. அவ மறந்துக்கிட்டே வரா நோரின். ஒரு மாசமா அந்தக் கதவ அவ திரும்பிக்கூடப் பாக்கல. டானா போட்டோவக் காட்டுனா, ‘யாரு’ங்கறா. நான் என்ன பண்ணட்டும்? எல்லாம் போறதுக்குள்ள ஒண்ணாவது அவ வாயில நிக்கட்டும்னு நெனச்சேன்.”

“அவளாவே சொல்லிட்டிருந்தா. அவ பேச்சுல, அவ சொல்லுல. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தா...”

“விட்டிருந்தா? உண்மையைச் சொல்லு. விட்டிருந்தா ஞாபகம் இருந்திருக்குமா?”

பேச்சு வருவதற்கு முன்னால் பார்த்ததைப் பின்னால் வந்த சொல்லில் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. சொல் வந்து சேரும்போது பார்த்தது போய்விட்டிருக்கும். நோரினின் தொழிலில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைச் சொல்லாமல் அவள் ரோண்டாவின் கையிலிருந்த மண்வாரியை வாங்கி, மிச்சப் பனியை அள்ளிப் போட்டாள். ரோண்டா படியில் உட்கார்ந்து, கையுறையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கர்ட்மேல் வழக்கு நிற்கவில்லை. கன்றல்களுக்குக் கர்ட் ஏதோ காரணம் சொன்னான், அதைப் பொய்யென்று காட்ட ஆளில்லை. மே மாதம் ஐவி அப்பாவிடம் போனாள். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக ரோண்டா அவளைப் பார்க்கவும் கூடாது என்றாகிவிட்டது.

இந்த வீட்டை வேறு ஆளுக்கு மாற்றிவிடட்டுமா என்று அலுவலகத்தில் நோரினைக் கேட்டார்கள். வேண்டாமென்றாள். அந்த வீட்டுக்குள் வாரம் ஒருமுறையாவது யாராவது கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டும் என்று நினைத்தாள்.

போனவள் கண்டது, கர்ட் நல்ல தகப்பனாக நடந்துகொண்டதைத்தான். வீடு சுத்தமாக இருந்தது. பிள்ளையின் முடி பின்னியிருந்தது. ஐவி அவன் தோளில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை, நோரின் ஒவ்வொரு முறையும் பார்த்தாள். எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதை நோரின் அவனுக்கும் சொன்னாள். பிள்ளை தப்பாகப் பேசினால் தப்பென்று சொல்லாதீர்கள். அவள் சொன்னதையே முழுசாக, சரியாக, அன்பாகத் திருப்பிச் சொல்லுங்கள், தானாகப் பிடித்துக்கொள்வாள். கர்ட் கவனமாகக் கேட்டுக்கொண்டான். அவனைப்போல அதை விடாமல் செய்த பெற்றோரை நோரின் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் அவள் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே சமையலறையில் அவர்கள் பேசுவது வலைக்கதவு வழியாகக் கேட்டது.

“அப்பா அம்மா விழுந்துட்டாரு” என்றாள் ஐவி. எங்கிருந்து அது வந்ததோ. ரோண்டாவின் பாட்டு அல்ல, அவளுடைய பழைய வாக்கியம், அப்பாவைக் குறிக்கும் புது ஒட்டோடு.

கர்டின் குரல் மாறவில்லை. “ஆமா கண்ணு. அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. படி ஈரமா இருந்துச்சு. அப்பா வெளிய இருந்தேன். சொல்லு, அம்மா வழுக்கி...”

“அம்மா வழுக்கி.”

“விழுந்துட்டாங்க.”

“விழுந்துட்டாங்க.”

“சமத்து.”

நோரின் ஒரு காலில் காலணியோடு நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

பிரென்னனிடம் அதையும் சொன்னாள். “அப்பன் பிள்ளைக்குப் பேசச் சொல்லிக்குடுக்கறான். நீங்கதான் அப்படிச் செய்யச் சொன்னீங்க” என்றார் அவர். குத்திக்காட்டவில்லை, களைப்பாகச் சொன்னார்.

ஆகஸ்டில் ஐவிக்கு மூன்று வயதானது. அதோடு நோரின் வருவது முடியும். கடைசி நாளில் படங்களைக் காட்டி, கதை சொல்லச் சொல்லிச் சோதித்தாள். வயதுக்குத் தக்க பேச்சு, சிலவற்றில் வயதுக்கு மேலே. கர்ட் காப்பி ஊற்றிக்கொடுத்தான். ஐவி நிலவறைக் கதவோரம் பொம்மை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

“எங்க அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க, ஏன்னா படி ஈரமா இருந்துச்சு.”

“கேட்டீங்களா? ‘ஏன்னா’ போடுறா” என்றான் கர்ட். நோரினின் முகத்தை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது, வேறொன்றும் இருந்தது. இரண்டையும் மறைக்க அவன் மெனக்கெடவில்லை.

“கேட்டேன்” என்றாள் நோரின்.

அங்கிருந்து நேராகப் பேருந்துக் கொட்டகைக்குப் போனாள். பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ரோண்டா இருக்கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நோரின் முன் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வாக்கியத்தையும் சொன்னாள், ஒரு சொல் விடாமல்.

“எப்படி இருக்கா?” என்று கேட்டாள் ரோண்டா.

“நல்லா இருக்கா. முடி வளந்திருக்கு. அவங்கப்பன்கிட்ட பயமில்லாம இருக்கா.”

“பயமில்லாம.”

“ஆமா.”

ரோண்டா துணியைப் பிழிந்தாள். “என்னப் பத்திக் கேட்டாளா?”

“கேக்கல.”

ரோண்டா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நோரினும் ஒரு துணியை எடுத்து நனைத்து, மறுபக்கத்து வரிசையைத் துடைக்கத் தொடங்கினாள்.