முந்நூறு விநாடி

சிதம்பரம் கிளை ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்கு அடியில், அந்தப் புழுக்கமான அறையில், நெட்வொர்க் பார்க்கும் லூர்து பிரகாஷ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பூஜ்யம். அதைப் போட்டவன் அவனேதான். வேறு யார் தலையில் கட்டுவது?

விஷயம் இதுதான். இங்கே இதய டாக்டர் கிடையாது. நோயாளியின் ஈசிஜி கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் இங்கே ஊசி. அதை அனுப்ப, கணினிகளைக் கடலூர் லைனோடு இணைக்கும் இரண்டு பெட்டிகள், ஸ்விட்சுகள். முதலாவது படுத்தால் இரண்டாவது பார்த்துக்கொள்ளும். ஆனால் முதலாவது எழுந்ததும் வேலையைப் பிடுங்கக் கூடாது. அதற்குக் கடலூர் லைன் கிடைக்க ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை, முந்நூறு விநாடி, சும்மா கிட என்று சொல்லிவைக்க வேண்டும்.

அப்படித்தான் வைத்திருந்தான், திறப்பு விழா வரைக்கும். அன்று ஸ்விட்சை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, "அஞ்சு நிமிஷமா? மானம் போவுதுய்யா" என்று மேலாளர் ஞானசேகரன் காதைக் கடித்தார். பிரகாஷ் முந்நூறைப் பூஜ்யமாக்கினான். ஸ்விட்ச் எழுந்த மாத்திரத்தில் திரையில் பச்சை விழுந்தது. கை தட்டினார்கள். பிரியாணி போட்டார்கள். திருப்பி மாற்ற மறந்து தொலைத்தான், பாவி.

நேற்றுக் காலை முதல் ஸ்விட்சுக்கு மட்டும் கரண்ட் போய் வந்தது. எழுந்ததும் அது லைன் இல்லாமலே வேலையைப் பிடுங்கியது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் நித்யா மேரி, நெஞ்சுவலியோடு வந்த புவனகிரி பக்கிரியின் ஈசிஜியை அனுப்பினாள். அனுப்பியாச்சு என்றது கணினி. கடலூருக்குப் போய்ச் சேரவே இல்லை. போன் அடித்தாள், அதுவும் அதே லைன், ஊமையாகக் கிடந்தது. அதற்குள் அந்த ஆளுக்கு மூச்சு நின்றுபோக, ஓடிப்போய் நெஞ்சை அமுக்கினாள். பிரயோஜனமில்லை. நாற்பத்தாறு வயது.

பழி அவள்மேல். கேஸ் ஷீட்டில் 11.42க்கு ஈசிஜி அனுப்பியதாக எழுதியிருந்தாள். செத்த பிறகு எழுதியது அது என்றார்கள்.

அவள் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, நான் அனுப்புனேண்ணே. மாதா சத்தியமா. ஒங்க மிஷின்ல ஏதாச்சும் இருக்குமில்ல? அவரு சம்சாரம் ராசம்மாக்கா நான்தான் கொன்னுட்டேன்னு அழுவுறாங்க."

"பாக்குறேம்மா" என்றான்.

பார்த்தாகிவிட்டது. ஸ்விட்சில் எல்லாம் பதிவாகியிருந்தது. 11.40க்கு வேலையைப் பிடுங்கியது, 11.45க்கு லைன் வந்தது. அவள் எழுதிய நேரம் நடுவில். அந்த இரண்டு வரி அவளைக் காப்பாற்றும், இவனை ஜெயிலில் தள்ளும். ஸ்விட்சை அணைத்தால் அந்தப் பதிவு அழிந்துவிடும். வேறெங்கும் நகல் கிடையாது.

ஞானசேகரன் அவசரமாக வந்தார். "சரி பண்ணிட்டியா பிரகாஷு? ஒருதடவ ஆஃப் பண்ணிக் காட்டு. போலீசு வேற வராங்க."

முந்நூறு போட்டாயிற்று. செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் போதும். கை சட்டைப்பை வரை போனது. வீட்டில் மனைவி ஆரோக்கிய அனிதாவுக்கு இது ஏழாம் மாசம். கை கீழே இறங்கி பிளக்கைப் பிடுங்கியது.

திரும்பச் செருகினான். ஸ்விட்ச் எழுந்தது, சொன்னபடி சும்மா கிடந்தது. ஐந்து நிமிடம் ஞானசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லைன் வந்த பிறகே அது வேலையை எடுத்துக்கொண்டது.

"சூப்பர்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் ஞானசேகரன்.

"ஏதாச்சும் இருந்துச்சாண்ணே?" என்றாள் மேரி.

"ஒண்ணும் இல்லம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்லண்ணே. நீங்களாச்சும் நம்பிப் பாத்தீங்களே" என்றாள்.