தோணிப் பாயில் சைக்கிள் பந்தயம்

1946 பொங்கலுக்கு நடந்த சைக்கிள் பந்தயத்தில் புறப்பட்ட சொரிமுத்து, அடுத்த பொங்கலுக்கும் வந்து சேரவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தான். தூத்துக்குடியில் கிளம்பி ஸ்ரீவைகுண்டம் போய்த் திரும்ப வேண்டும். நடத்துகிறவர் சைக்கிள் கடை பால்துரை அண்ணாச்சி. துறைமுகத்தில் காயக் கட்டியிருந்த தோணிப் பாயில் பந்தயம் முழுவதும் அப்படியே தெரியும். உப்பு ஊறிய பாய் அப்படித்தான் என்றார் தோணியைச் செலுத்தும் தண்டல். யாரும் மேலே கேட்கவில்லை.

ஒரே சங்கடம், கண்ணுகளா. பார்க்கிறவர்கள் எழுந்து போனால் படம் மங்கும். படம் மங்கினால் அங்கே பாதை நீளும். அந்த ஆண்டு ராஜதுரை முதலில் வந்து மாலை வாங்கியதும் கூட்டம் கிடாய்ச் சண்டைக்குப் போய்விட்டது. கடைசியில் வந்த சொரிமுத்துவுக்குப் பாதை நீண்டுபோயிற்று. அவன் மனைவி செண்பகம் பாயின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் ஒருத்தி பார்வைக்குப் பாதை மேலும் நீளாமல் நின்றது, குறையவில்லை. தண்டல் அந்தப் பாயை அவளுக்கு விட்டுவிட்டு, இரவல் பாய் கட்டிக் கொழும்புக்குப் போய்வந்தார். அவள் ஆட்களைக் கூப்பிட்டால், “ஏளா, காலு சுத்துது, சக்கரம் சுத்துது, இதுல என்னத்தப் பாக்க?” என்றாள் கிழங்கு விற்கும் பேச்சி.

அது நியாயம்தான் என்று செண்பகத்துக்கும் பட்டது. மறு பந்தயத்தன்று சுட்டிக்காட்டப் பனைமட்டையோடு பாயருகே நின்றாள்.

“காலப் பாக்காதிய, காத்தப் பாருங்க. வாடை மூஞ்சில அடிக்கி. முன்னால போறவன் அத வாங்குதான், பின்னால வாரவன் அவன் முதுகுல ஒளிஞ்சு தெம்பச் சேக்கான். எங்க வீட்டுக்காரருக்கு ஒளிய ஒரு முதுகு இல்ல.”

காற்று என்றதும் தோணிக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யார் காற்றை வாங்குகிறான், யார் ஏய்க்கிறான் என்று வழக்கு மூண்டது. கிடாய்கள் முட்டுவதைப் பார்க்க ஆளில்லாமல் நின்றன. “ஏலே சோம்பேறி, ஒம் முறைலே, முன்னால போ” என்று பேச்சி அதட்ட, பாயில் ஒருவன் முன்னால் போனான்.

திரும்பும் வழியில் இந்த ஆண்டுப் பந்தயக்காரர்கள் சொரிமுத்துவை எட்டினார்கள். எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள். முன்னால் போன ராஜதுரை மட்டும் மெதுவானான். இந்த ஆண்டு மாலை அவன் கைவிட்டுப் போயிற்று என்று கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் சொரிமுத்துவுக்கு முன்னால் வந்து, தோளை அகட்டி, முதுகைக் கொடுத்தான்.

முதலில் வந்தவனுக்கு மாலை போட யாரும் எழுந்திருக்கவில்லை. அவனும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாயைப் பார்க்க உட்கார்ந்தான். அத்தனை கண்ணுக்குப் பாதை சுருங்கியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள். போன ஆண்டுப் பந்தயம் முடிந்தது என்று அண்ணாச்சி அறிவித்தார். “மெதுவாத்தான் வாரீய” என்றாள் செண்பகம். பேச்சி சொரிமுத்துவுக்குக் கிழங்கு கொடுத்தாள்.

மறுநாள் தண்டல் அந்தப் பாயைக் கட்டிக் கொழும்புக்குப் புறப்பட்டார். அதன் நடுவில் ஸ்ரீவைகுண்டம் ரோட்டுப் புழுதி அப்பியிருந்தது. பாய் நன்றாகவே காற்றுப் பிடித்தது.