காக்கா பிடிக்கத் தெரியாதவன்

ஆறு வாரமாக அந்த வீட்டில் ஜன்னல் திறக்கவில்லை. ஐந்து வயது மகளின் உத்தரவு.

அவன் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாத அன்று, "அம்மா எங்கே?" என்று குழந்தை துளைத்தெடுக்க, அவனுடைய அக்கா வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுடா கண்ணு." ஒளித்துவைத்த மிட்டாய்க்குச் சொல்கிற அதே சமாதானம். அவன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை.

"உன்னையும் தூக்கிட்டுப் போயிடும்ப்பா" என்று குழந்தை ஜன்னல்களை இழுத்துச் சாத்தினாள். எட்டாத கொக்கிகளை மாட்ட அவனே அவளைத் தூக்கிப் பிடித்தான்.

"கொக்கி யாருப்பா? கொக்கோட பொண்டாட்டியா?"

"ஆமா."

"அப்ப காக்காவை உள்ள விடமாட்டா."

சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

குழந்தை அத்தையோடு தூங்க, அவனுக்கு இரவு ஷிஃப்ட். அங்கே ஆந்தை முழி, வீடு வந்தால் காக்காய்க் குளியல், அப்புறம் கோழித்தூக்கம்.

விடுமுறை நாளில் அவளுக்குத் தலை பின்னும்போது வேலையிடத்து நண்பன் போனில் கூப்பிட்டான். கையில் சடை. ஸ்பீக்கரில் போட்டான்.

"பகல் ஷிஃப்ட் கேட்டியே, என்னாச்சு?"

"மேனேஜர் தரமாட்டேங்கிறார்."

"கொக்கு மாதிரி அவர் ரூம் வாசல்ல நின்னா ஆச்சா? காக்கா பிடிடா! காக்கா பிடிச்சவனுக்குத்தான் கேட்டது கிடைக்கும்."

"எனக்கு அது வராதுடா."

பாதிப் பின்னலோடு குழந்தை திரும்பினாள்.

"காக்காவைப் பிடிக்க முடியுமாப்பா?"

"இது வேற காக்கா கண்ணு."

"முடியும்னா ஏன் இத்தனை நாள் பிடிக்கல? அம்மாவைக் கேட்டா குடுத்துடுமே!"

நண்பன், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ரொம்பப் பெரிய காக்கா, ரொம்ப தூரம், வலை வாங்கணும். சொன்னால் இன்னும் ஆறு வாரம் ஓடும்.

சீப்பைக் கீழே வைத்தான்.

"காக்கா தூக்கல. அம்மா செத்துப்போயிட்டா. ஆஸ்பத்திரியிலயே. இனிமே வரமாட்டா."

அவள் அழவில்லை. ஜன்னலையே பார்த்தாள்.

"அப்ப காக்கா ஒண்ணுமே பண்ணலையா?"

"பண்ணல."

"உன்னையும் தூக்காதா?"

"தூக்காது."

தூக்கச் சொல்லிக் கை நீட்டினாள். தூக்கினான். ஒரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொக்கியைக் கழற்றினாள். ஜன்னல் ஒரு விரல் அளவு விலகியது. தெருச் சத்தம் உள்ளே வந்தது. சட்டென்று சாத்தி, திரும்பவும் கொக்கியை மாட்டினாள்.

"நாளைக்குத் திறக்கலாம்ப்பா."

"சரி" என்றான். அப்பாடா என்றிருந்தது அவனுக்கும்.

பின்னல் முழுக்க அவிழ்ந்திருந்தது. சீப்பை எடுத்தான்.